உடைப்பெடுக்கும்வரை உறங்குவதா?

(கூட்டுறவாளரும் கமக்காரரும் தொழில்சார் அறிஞரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வடிவம்)



கணினியைப் பற்றிப் பேச ஒரு சட்டத்தரணியை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. பொறியைக் கழற்றிப் பூட்டும் கலையை நாம் கற்றவரல்லோம். ஆயினும், ஆயிரம் குடும்பங்களின் சேமிப்பும் கடனும் காணிக் கணக்கும் ஒரு பொறியினுள்ளே பதிவாகியிருக்கும்பொழுது, அது பொறியியலாளர் மாத்திரம் பேசித் தீர்க்கும் விடயமாக இருப்பதில்லை. நம்பி ஒப்படைத்தவனுக்கும் அதனை ஏற்றுக்கொண்டவனுக்கும் இடையே உள்ள கடமையைப் பற்றிய விடயமாக அது மாறிவிடுகின்றது. அத்தகைய கடமைகளைப் பற்றிப் பேசுவதே எமது தொழில். ஆகையாற்றான் இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

"ஓடுகின்றதுதானே, ஐயா!"

சில மாதங்களுக்கு முன்னர், கமக்காரர் ஒருவருடைய கடன் கணக்குச் சம்பந்தமாக ஒரு நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தது. அந்நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை; அதனைப் போன்ற நிலையங்கள் நம்மிடையே பல உள. இலிகிதர் கணினியை முடுக்கினார். திரையிலே பச்சைப் புல்வெளியும் நீலவானும் தோன்றின. அது விண்டோஸ் எக்ஸ்பி எனப்படும் இயங்குதளம். கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஆட்சி செய்யும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கின்றோம். எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளுடன் அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே அதற்கான பராமரிப்பைக் கைவிட்டது.

"தம்பி, இதற்கு இனித் திருத்தம் எதுவும் வருவதில்லையே! ஏன் இன்னும் மாற்றவில்லை?" என்று வினவினோம்.

"அது இன்னும் வடிவாய் ஓடுகின்றதுதானே, ஐயா!" என்றார் அவர்.

அவ்விடையை நாம் இகழவில்லை. இகழும் தகுதியும் எமக்கு இருக்கவில்லை. அன்றிரவு எமது அலுவலகத்துக்குத் திரும்பியதும், எமது தட்டெழுத்தாளர் பயன்படுத்தும் கணினியை நோக்கினோம். அது விண்டோஸ் 7. அதற்கான பராமரிப்பு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளே முடிந்துவிட்டது. அக்கணினியினுள்ளே எமது கட்சிக்காரரின் மரணசாதன வரைவுகள் இருந்தன. காணி வழக்குப் பத்திரங்கள் இருந்தன. குடும்பப் பிணக்குகளிற் சொல்லப்பட்ட இரகசியங்கள் இருந்தன. எம்மை நம்பி வாய்திறந்தோரின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகப் பூட்டற்ற பெட்டியொன்றில் வைத்திருந்தோம். "ஓடுகின்றதுதானே" என்ற அதே விடையைத்தான் நாமும் எமக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆதலால், இன்று யாம் கூறப்போவது பிறர்மேற் சாட்டும் குற்றப்பத்திரிகையன்று. குற்றவாளிக் கூண்டிலே நாமும் நிற்கின்றோம்.

கைவிடப்படுதல் என்றால் என்ன?

இயங்குதளம் ஒன்றில் கோடிக்கணக்கான கட்டளை வரிகள் உள. மனிதர் எழுதிய அவ்வரிகளிற் பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளுட் சில, அந்நியன் உள்ளே நுழைவதற்கான துவாரங்கள். வெளிவந்த நாளில் ஒருவருக்கும் தெரியாத துவாரங்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடிக்கப்படுந்தோறும் ஆக்கியோன் அவற்றை அடைத்து, அடைப்பினை அனைவருக்கும் அனுப்புகின்றான். மைக்ரோசொப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் இத்தகைய பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகின்றது. பராமரிப்பு முடிந்தது என்றால், அந்த அடைப்புக்கள் இனி வரமாட்டா என்பதே பொருள்.

கமக்காரராகிய உங்களுக்கு இது புதிய செய்தியன்று. மாரி பிறக்குமுன் குளக்கட்டிலே நண்டு துளைத்த வளைகளைத் தேடி அடைக்கின்றீர்கள். ஓராண்டு அடைக்காவிடினும் கட்டு நிற்கும். ஈராண்டு அடைக்காவிடினும் நிற்கக்கூடும். வெளிப்பார்வைக்குக் கட்டு அதே கட்டுத்தான், புல் முளைத்திருக்கும், மாடு மேயும். ஆனால் உள்ளே நீர் தனக்கு வழி தேடிக்கொண்டிருக்கும்.

கணினியின் நிலை இதனினும் கேடானது. ஒரே வரைபடத்தைக் கொண்டு ஒருவன் ஐந்து குளங்களைக் கட்டினான் என வைத்துக்கொள்வோம். புதிய குளத்தில் இன்ன இடத்தில் ஒரு கசிவு இருந்தது, அதனை அடைத்துவிட்டேன் என்று அவன் பறையறைந்து சொல்கின்றான். கேட்டவன் தீயவனாயின் என்ன செய்வான்? அதே வரைபடத்திற் கட்டப்பட்ட பழைய குளத்தை நோக்கிச் செல்வான். அங்கும் அதே இடத்திற் கசிவு இருக்கும். அதை அடைப்பார் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இயங்குதளங்களின் புதிய பதிப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுவதில்லை. பழையதன் பகுதிகள் பல அதனுள் தொடர்ந்து இருக்கின்றன. ஆகவே, புதியதற்கு வெளிவரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதன் துவாரம் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் வழிகாட்டிப் பலகையாகின்றது. பழைய கணினி இருந்த நிலையிலேயே இருக்கின்றது என்று எண்ணுவது தவறு. மாதந்தோறும் அதன் ஆபத்து வளர்கின்றது.

வைத்தியசாலையின் வாயிலில்

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு உலகறிந்த சான்றொன்றைக் கூறுவோம்.

கணினிகள் தமக்குள்ளே கோப்புக்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் விண்டோஸின் பகுதியொன்றில் ஒரு துவாரம் இருந்தது. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவர் நிலையம் அதனை அறிந்து, தன் உளவுப் பணிக்கெனக் கருவியொன்றை ஆக்கி வைத்திருந்தது. அக்கருவி களவுபோய், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் உலகறிய வெளியிடப்பட்டது. மைக்ரோசொப்ட் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, மார்ச் 14ஆம் நாள், தான் பராமரித்துவந்த பதிப்புக்களுக்குத் திருத்தம் வழங்கியிருந்தது. கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கு அப்பொழுது ஒன்றும் வழங்கப்படவில்லை.

மே மாதம் 12ஆம் நாள் 'வனாகிறை' என்னும் கப்பம் கோரும் மென்பொருள் கட்டவிழ்ந்தது. அது கணினியிலுள்ள கோப்புக்களை எவரும் வாசிக்கவியலாதவாறு பூட்டியது. திறப்பதற்கு 300 டொலர் கப்பம் கேட்டது. கேட்டுக்கொண்டே அடுத்த கணினியைத் தேடித் தானாகவே பாய்ந்தது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் வீழ்ந்தன. பிரான்சின் ரெனோ மோட்டார் நிறுவனம் தன் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தியை நிறுத்தியது. இங்கிலாந்தின் சண்டர்லண்டிலுள்ள நிசான் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது.

எல்லாவற்றினும் கொடுமை பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்கு நேர்ந்ததே. இங்கிலாந்திலுள்ள 236 சுகாதார நிர்வாக அமைப்புக்களுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. 595 குடும்ப மருத்துவ நிலையங்கள் தொற்றுக்கு ஆளாயின. 6,912 நோயாளர் சந்திப்புக்கள் நீக்கப்பட்டமை உறுதியாயிற்று. மொத்தத்தொகை 19,000க்கு மேல் இருக்கலாமென மதிப்பிடப்பட்டது. ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தோர் வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நாள் குறித்து, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு சிகிச்சைக்கு வந்தவன் வாயிலில் நின்று திரும்பினான். அவன் செய்த பிழை யாது? அவன் ஒரு கணினியையும் தொட்டவனல்லன்.

பெருமக்களே, இவ்வழக்கிலே நாம் கவனிக்கவேண்டிய சாட்சியம் ஒன்றுண்டு. இந்த ஆபத்து முன்னறிவிப்பின்றி வந்ததன்று. 2014ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய அரசு எக்ஸ்பி போன்ற பழைய மென்பொருள்களிலிருந்து 2015 ஏப்ரலுக்குள் விலகுமாறு அவ்வமைப்புக்களுக்கு எழுதியது. அவ்வாண்டு மைக்ரோசொப்டுக்கு 55 இலட்சம் பவுண் கொடுத்து, அரச துறையின் எக்ஸ்பி கணினிகளுக்கு ஓராண்டுத் தவணை வாங்கியது. 2015இல் அத்தவணை முடிந்தது, அது புதுப்பிக்கப்படவில்லை, கணினிகளோ பல இடங்களில் அப்படியே இருந்தன. 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் திருத்தத்தை உடனே இடுமாறு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. எச்சரிக்கை வந்தது, கோப்பில் இடப்பட்டது, கோப்பு மூடப்பட்டது.

நேர்மையின் பொருட்டு மற்றொன்றையும் கூறவேண்டும். அன்று வீழ்ந்த கணினிகளிற் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அவை விண்டோஸ் 7. அன்று பராமரிப்பில் இருந்தவை. திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இடப்படாதவை. ஆகவே குற்றம் இருவகைப்படும். மருந்து வந்தும் உண்ணாதிருத்தல் ஒன்று. மருந்தே வராத இடத்திற் குடியிருத்தல் மற்றொன்று. முன்னையது ஒரு நாளிலே திருத்திக்கொள்ளத்தக்கது. பின்னையதற்குத் திட்டமும் பணமும் காலமும் வேண்டும். தாக்குதல் தொடங்கிய பின்னரே மைக்ரோசொப்ட் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை விதிவிலக்காக வெளியிட்டது. பிணம் எடுத்தபின் வந்த வைத்தியனை நம்பி எவரும் நோயை வளர்க்கலாகாது.

நமது தீவின் பாடம்

"அது சீமையிலே நடந்தது; இங்கு யார் வரப்போகின்றார்கள்?" என்று கேட்போர் உளர். அவர்கள் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாளை நினைவுகூர்தல் வேண்டும்.

அன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் வலையமைப்புக் கப்பம் கோரும் மென்பொருளினாலே தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் மீளப்பெற முடியாமற் போயின. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து மறைந்துவிட்டது. காரணம் யாது? 2014ஆம் ஆண்டிலிருந்து பயன்பட்டுவந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருள் காலங்கடந்தது, தாக்குதலுக்கு இலகுவில் ஆளாகக்கூடியது என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையமே ஒப்புக்கொண்டது. 2021 முதல் அதனைப் புதுப்பிக்க எண்ணியிருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் காலந்தாழ்ந்தது என்றும் கூறப்பட்டது.

எக்ஸ்சேஞ்ச் என்பது இயங்குதளமன்று. மடல்களைக் கையாளும் மென்பொருள். ஆயினும் நோய் ஒன்றே. அதற்கான பராமரிப்பு 2023 ஏப்ரல் 11ஆம் நாள் முடிந்தது. தாக்குதல் ஓகஸ்ட் 26இல் நிகழ்ந்தது. இடையில் நின்றவை நான்கரை மாதங்கள் மாத்திரமே. "இன்னும் ஓராண்டு ஓடட்டும்" என்று சொல்லும் நிர்வாக சபைகள் இந்த நான்கரை மாதத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்று சமாதானங்கள்

நம்மவரிடம் மூன்று சமாதானங்களை நாம் அடிக்கடி கேட்கின்றோம்.

முதலாவது: "நாங்கள் சிறியவர்கள்; எங்களை யார் தாக்குவார்?" வனாகிறை எந்த வைத்தியசாலையையும் பெயர் சொல்லித் தேடிச் செல்லவில்லை. திறந்திருந்த கதவுகளிலெல்லாம் புகுந்தது. இத்தகைய மென்பொருள் ஆள் பார்ப்பதில்லை, கதவு பார்க்கின்றது. அன்றியும், பெரிய வங்கிக்கு இழப்பைத் தாங்கும் வலு உண்டு. முந்நூறு கமக்காரரின் கடன் தவணைகளை ஒரே கணினியில் வைத்திருக்கும் சங்கத்துக்கு அவ்வலு உண்டா? எவர் எவ்வளவு கட்டினர் என்பது அழிந்தபின், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தாத ஏழை எதைக் காட்டித் தன் பணத்தைக் கேட்பான்?

இரண்டாவது: "எங்கள் கணினி இணையத்தோடு இணைக்கப்படவில்லை." இது ஓரளவு காவலே, முழுக் காவலன்று. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உலகின் தலைசிறந்த 'சிப்' உற்பத்தி நிறுவனமாகிய தாய்வானின் டிஎஸ்எம்சி தன் ஆலைகள் பலவற்றில் வேலையை நிறுத்த நேர்ந்தது. புதிதாக வாங்கிய பொறியொன்றை, வைரஸ் உண்டா என்று சோதியாமல் உள் வலையமைப்பில் இணைத்தனர். அதனுள் இருந்த வனாகிறையின் ஒரு வகை, திருத்தம் இடப்படாத விண்டோஸ் 7 பொறிகளினூடே பரவியது. அத்துணை வளமுள்ள நிறுவனத்திற்கே அக்கதி. நமது காரியாலயங்களிலோ, திருமணப் படங்களைக் கொண்டுவரும் பென் ட்ரைவ் மறுநிமிடமே கணக்குக் கணினியிற் செருகப்படுகின்றது.

மூன்றாவது: "பணமில்லை." இதனை மாத்திரம் நாம் சமாதானம் என்று தள்ளிவிட மாட்டோம். இதில் உண்மை உண்டு, நியாயமும் உண்டு.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பராமரிப்பும் முடிந்தது. நம்மவர் அலுவலகங்களிலும் வீடுகளிலும் நிறைந்திருப்பது அதுவே. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 பாதுகாப்புக்கென அமைந்த ஒரு 'சிப்' இருந்தாலன்றி ஏற்காது; 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் வெளிவந்த செயலிகளை மிகப்பெரும்பாலும் ஏற்காது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கணினி ஒரே நாளிற் கழிவுப்பொருள் ஆக்கப்படுகின்றது. மேலும் தவணை வேண்டுமாயின், நிறுவனங்கள் 2028 ஒக்டோபர் வரை அதனைப் பணங்கொடுத்துப் பெறலாம். கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டொலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாமாண்டு 244. நியூயோர்க்கிலுள்ள வங்கிக்கும் அதே விலை. நெல்லுக்கு விலை கிடையாது தவிக்கும் நமது சங்கத்துக்கும் அதே விலை.

இது நீதியா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. விற்ற பொருளிலுள்ள குறையைத் திருத்துவதற்கும் ஒரு காலவரையறையைத் தானே விதித்து, அக்காலம் கடந்தபின் அக்குறைக்கே விலை பேசுகின்றான் விற்றவன். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டத்தை இயற்றியது. கணினிப் பொருள்களை விற்போர் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது பாதுகாப்புத் திருத்தம் வழங்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று; அதன் பிரதான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருமென விதிக்கப்பட்டது. அத்தகைய காப்பினை நமது சட்டமன்றத்திலும் கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை. ஆனால், அச்சட்டம் வரும்வரை கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பது அறிவுடைமையாகுமா? அநீதி விற்றவனுடையதாக இருக்கலாம், இழப்பு நம்முடையது.

யார் பொறுப்பு?

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். பிறர் கணினியில் அத்துமீறிப் புகுவோனைத் தண்டிக்க, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நம்மிடம் உண்டு. ஆனால் கள்வன் எந்தக் கண்டத்தில் இருக்கின்றான் என்பதே தெரியாதபொழுது, அச்சட்டம் இழந்த கணக்கை மீட்டுத் தராது.

ஆகவே இழந்தவன், தான் நம்பி ஒப்படைத்த நிலையத்தை நோக்கியே திரும்புவான். நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் கவனயீனத்தை அளப்பதற்கு ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றது. விவேகமுள்ள குடும்பத் தலைவன் ஒருவன் இந்நிலையில் என்ன செய்திருப்பான் என்பதே அது. வரப்போகும் தீங்கை அவன் முன்னுணர்ந்திருப்பானா? தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பானா? பராமரிப்பு முடியும் நாளை ஆக்கியோனே பல ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கின்றான். உலகெங்கும் நடந்தவை பத்திரிகைகளில் வந்துள்ளன. இந்நிலையில் "நாம் அறியோம்" என்று மன்றிலே நின்று கூறுவது எளிதன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விபரங்களைக் கையாள்வோர் அவற்றைத் தக்க வழிகளாற் பாதுகாக்கவேண்டும் என்ற கடமையைச் சுமத்துகின்றது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் கடமைப் பகுதிகள் பின்தள்ளப்பட்டன. பின்தள்ளப்பட்டதை விடுமுறையென எவரும் கொள்ளவேண்டாம். அது ஆயத்தம் செய்யக் கிடைத்த அவகாசம்.

செய்யவேண்டியவை

குறையை மாத்திரம் கூறி அமர்வது எமது நோக்கமன்று. சிறிய நிலையமும் செய்யக்கூடியவற்றைச் சொல்வோம்.

முதலில், கணக்கெடுங்கள். எத்தனை கணினிகள் உள, ஒவ்வொன்றிலும் எந்த இயங்குதளம் உளது, அதற்கான பராமரிப்பு எந்நாள் முடிகின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் பயிலும் உங்கள் பிள்ளையே இதனை ஒரு நிமிடத்திற் பார்த்துச் சொல்லும்.

விண்டோஸ் 11ஐ ஏற்கக்கூடிய விண்டோஸ் 10 கணினிகளை மாற்றுங்கள், அம்மாற்றத்துக்குக் கட்டணமில்லை. களவுப் பிரதியை நிறுவியிருப்போருக்கு ஒரு சொல்: அகப்பட்டுக்கொள்வோமோ என்னும் அச்சத்தால் திருத்தங்கள் வரும் வழியையே அடைத்து வைத்திருக்கின்றீர்கள். அத்தகைய கணினி புதிதாயினும் பழையதே.

ஏற்காத கணினிகளைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கின்றது. அதன் வகைகளுள் ஒன்றாகிய உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்களுக்கு ஐந்து ஆண்டுகள் இலவசமாகத் திருத்தம் வழங்கப்படுகின்றது. கடிதம் எழுதவும், கணக்குத் தாள் தயாரிக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும் அது போதும், தமிழிலும் எழுதலாம். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட கணக்கு மென்பொருள் அதில் ஓடாது போகக்கூடும். ஆதலால் ஒரு கணினியில் முதலிற் சோதித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை மாற்றவேண்டும்.

தராசோடு அல்லது ஆய்வுகூடக் கருவியோடு பிணைந்திருப்பதால் மாற்றவே முடியாத பழைய கணினி இருக்குமாயின், அதனைத் தனிமைப்படுத்துங்கள். அதில் இணையம் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், வீட்டுப் பென் ட்ரைவ் வேண்டாம். தொற்றுநோயாளனைத் தனியறையில் வைப்பது போன்றதே இது.

கணக்குகளுக்கு மேலதிகப் பிரதி எடுங்கள். ஒரு பிரதியாவது கணினியிலிருந்து கழற்றப்பட்டு, வேறோர் இடத்தில், பூட்டிய அலுமாரியில் இருக்கவேண்டும். எப்பொழுதும் இணைந்திருக்கும் பிரதியையும் கப்பக்காரன் சேர்த்தே பூட்டிவிடுவான். ஆண்டுக்கு இருமுறையேனும் அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதி, முளைக்குமோ என்று பார்க்காது விதைத்த நெல்லைப் போன்றது.

மென்பொருள் வாங்கும்பொழுது ஒப்பந்தத்திலே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுவியுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவீர்? புதிய இயங்குதளம் வரும்போது உமது மென்பொருளையும் அதற்கேற்ப மாற்றித் தருவீரா? பல நிலையங்கள் எக்ஸ்பியோடு கட்டுண்டு கிடப்பதற்குக் காரணம், அவர்கள் வாங்கிய கணக்கு மென்பொருளைச் செய்தவர் கடையை மூடிவிட்டுப் போனமையே.

தாக்குதல் நிகழ்ந்துவிடின், முதலில் வலையமைப்பின் கம்பியைக் கழற்றுங்கள். கப்பம் கட்ட ஓடாதீர்கள். கட்டியவனுக்குக் கணக்குத் திரும்பும் என்பதற்கு யாதோர் உறுதியும் இல்லை. பொலிசாருக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். உறுப்பினரிடமிருந்து மறைக்காதீர்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கேளுங்கள்

இறுதியாக, இங்கு கூடியுள்ள கமக்காரப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கணினி என்றவுடன், "அது படித்தவர்களின் காரியம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பணம் உங்களுடையது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் கணக்கு இருக்கும் கணினிக்குத் திருத்தம் வருகின்றதா? கணக்கின் பிரதி வேறோர் இடத்தில் உண்டா? இதற்குப் பொறுப்பாளர் யார், அவர் பெயர் என்ன? இக்கேள்விகளுக்கு ஆங்கிலமும் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. விடை தெளிவாக வராவிடின், வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு தொகை ஒதுக்கும்வரை அமராதீர்கள். கணக்காய்வு செய்யும் அன்பர்களும் அறிக்கையிலே இதற்கென ஒரு பந்தி எழுதுதல் வேண்டும்.

படித்த தொழில்சார் அன்பர்களுக்கும் ஒரு சொல். மருத்துவரிடம் நோயாளியின் உடல் இரகசியம் இருக்கின்றது. சட்டத்தரணியிடம் குடும்ப இரகசியம் இருக்கின்றது. கணக்காளரிடம் வருவாயின் இரகசியம் இருக்கின்றது. கடதாசியில் இருந்தபொழுது அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். கணினியில் ஏறிய நாள்முதல் சாவியை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டோம்.

எமது அலுவலகத்துக் கணினியை அந்த வாரமே மாற்றினோம். செலவு வலிக்கத்தான் செய்தது. ஆனால், தம் மகனிடமும் சொல்லாததை எம்மிடம் சொல்லிச் சென்ற முதியவரின் முகத்தை மறுபடி நோக்கும்பொழுது, அந்த வலி ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அந்த இலிகிதர் சொன்னது பொய்யன்று. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடைப்பெடுப்பதற்கு முந்திய நாள்வரை குளக்கட்டும் நின்றுகொண்டுதான் இருக்கும். கட்டைப் பார்த்துவர இன்றே புறப்படுவோம்.